துடுப்புக் கால் வண்டும் தோண்டும் கால் வண்டும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். கட்டுப் பிரித்தாயிற்று, இனி விந்தி விந்தித்தான் நடப்பேன் என்று எழுதியிருந்தாய். சாரத்திலிருந்து விழுந்தவன் உயிரோடு மிஞ்சினானே என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறோம். நீ என்னடாவென்றால், நொண்டிக்குப் பட்டறையில் என்ன வேலை, இனி வரமாட்டேன் என்கிறாய். 

அது கிடக்கட்டும், நம் வண்டுகளின் கதையைக் கேள். அருங்காட்சியகத்துக்காக நாம் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்ட ராட்சத வண்டு உருவங்கள் இரண்டையும், நீர்வண்டையும் சாணிவண்டையும், நானே முடித்துவிடலாம் என்று இறங்கினேன். நீ செய்துவைத்த கால்களை எடுத்து மாட்டினேன். பார்க்க வந்த அருங்காட்சியக அம்மா சாணிவண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இது உருண்டையைத் தள்ளப் போகுதா, படகு ஓட்டப் போகுதா என்று கேட்டார். இதன் பின்னங்கால் அதற்கும், அதன் பின்னங்கால் இதற்குமாக மாட்டித் தொலைத்திருக்கிறேன்! அத்தான் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். சாணிவண்டின் முன்னங்காலில் ரம்பம் மாதிரி பல் இருப்பது மண்ணைத் தோண்ட. நீண்ட பின்னங்கால் உருண்டையைப் பிடித்துத் தள்ள. நீர்வண்டின் பின்னங்கால் தட்டையாக, ஓரமெல்லாம் மயிரோடு இருப்பது நீந்த. அதைத் தரையில் விட்டால் தட்டுத் தடுமாறுமாம். அதற்காக அவர் அதை நொண்டி என்று சொல்லவில்லை, தம்பி.

கால்களை மாற்றிவிட்டேன். சாணிவண்டு தேறிவிட்டது. நீர்வண்டின் கால் மயிர்தான் நான் கழற்றியதில் பாதி உதிர்ந்துபோயிற்று. நான் ஒட்டினால் தேய்ந்த விளக்குமாறு மாதிரி இருக்கிறது. உன் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? பிள்ளைகள் கூட்டமாக வரும் பள்ளி விடுமுறை தொடங்கும்வரை பொறுக்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அந்த அவகாசத்தை உனக்காகத்தான் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று, சொன்னால் திட்டுவாய். தச்சரைக் கூப்பிட்டு உன் வேலை மேசையின் கால்களில் அரை முழம் அறுக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை செய்கிற உயரம். அதில் நின்று வேலை பார்த்த அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறார். சாரத்தில் ஏற நான் இருக்கிறேன். அறுத்ததை இனி ஒட்ட முடியாது, உன்னைத் தவிர யாருக்கும் அந்த மேசை உதவாது.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுவும் என் கண்ணெதிரே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா