மருந்துச் சட்டை

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் சுகம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். போன இரண்டு கடிதங்களிலும் இதையேதான் எழுதினேன், அப்போது அது பாதிப் பொய். கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று நீ கேட்டதற்குப் பேனாவைக் குறை சொன்னேன். கைதான் நடுங்கியது கண்ணு, தலைவலியும் இருந்தது, உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பூச்சிமருந்தால் மண்ணுக்கும் மனிதருக்கும் என்ன ஆகிறது என்று பார்க்க நம் தோட்டத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். கிணற்றுத் தண்ணீர், முட்டைக்கோஸ் பாத்தி மண் எல்லாம் எடுத்தார்கள், மருந்து அடிப்பவர் என்று அப்பாவின் ரத்தமும் எடுத்தார்கள். அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையை யார் துவைக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். இதென்ன கேள்வி, நான்தான், இருபது வருஷமா வெறுங்கையாலதான் என்றேன். நீங்களும் உட்காருங்கம்மா என்று எனக்கும் ரத்தம் எடுத்துவிட்டார்.

பத்து நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். முகமூடியும் கையுறையும் போட்டு அடிக்கும் அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, எனக்குத்தான் நரம்பை ஒழுங்காக வைத்திருக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் பாதியாகக் குறைந்திருந்தது. சட்டையில் ஊறிய மருந்து என் கைவழியே ஏறியிருக்கிறது. அந்தத் துணியைத் தொடாமல் இருந்தாலே உடம்பு தேறிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அப்பா, "எனக்குக் கையுறை வாங்கினேனே, உனக்கு ஒண்ணு வாங்கணும்னு தோணலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரமாச்சு, சாப்பிட வாங்க என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் சட்டையை அவரே கையுறை போட்டுத் தனி வாளியில் துவைக்கிறார். சோப்பு பாதி போகாமல் அது கொடியில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. வாராவாரம் மருந்து அடித்தவர் இப்போது இலையைப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்தை எடுக்கிறார், இந்தப் பயிருக்கு இரண்டே தடவை. கோஸில் ஓட்டை விழுந்தது உண்மைதான், வியாபாரி முகம் சுளித்தார். பிடிக்கலைன்னா வச்சிட்டுப் போங்க என்றாராம் அப்பா. கிணற்றுத் தண்ணீரின் முடிவு இன்னும் வரவில்லை, அதுவரை குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான்.

மூன்று மாதம் கழித்து நேற்று எனக்கு மறுபடி பார்த்தார்கள். முழுசாக இல்லை, முக்கால்வாசி ஏறிவிட்டது. டாக்டரம்மா சொன்னதும் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த ஜன்னலுக்கு வெளியே வெறும் சுவர்தான் இருந்தது.

எங்கள் ஆயுசில் கொஞ்சம் உங்கள் இருவருக்கும் சேரட்டும். கடைக் காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு, அவசரப்படாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசு, நான் இதெல்லாம் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா