அளவுச் சட்டை

சிங்கப்பூர்
12-8-1979

செங்கமலத்துக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருமல் விட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கம்பெனி விருந்துக்குக் கோட்டு போட்டுக்கினு வரணுமாம். ரெண்டு டெய்லர் பார்வையாலேயே அளவு சொன்னானுங்க, பிடிக்கவில்லை. நாகூர் பாய் ஒருவர்தான் நம்மூர் மாதிரி அளவுச் சட்டை கேட்டார். அவரிடமே துணி கொடுத்தேன்.

ஆனால் எனக்குச் சரியாக இருந்த நீலச் சட்டையைத்தான் நீ உன் அத்தை மகன் எல்லப்பனுக்குத் திருவிழாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாயே! 'எல்லப்ப மாமாவுக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சி' என்று உன் கடிதத்தில் எழுத்து வேறு. அதை வாங்கித் துவைத்துப் பெட்டியில் வை. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

அளவுச் சட்டை இல்லாததால் பாய் அளவு நாடா பிடித்துப் பார்த்துவிட்டு, "இளைச்சிருக்கீங்க, ஊர் போனா தேறிடுவீங்க, லூசா விடட்டுமா?" என்றார். "வேணாம் பாய், வேற எவனுக்கும் சேராத மாதிரி பிடிச்சே தைங்க" என்றேன்.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

சபாபதி