தொடாமல் கிடந்த மருந்துப் பொட்டுகள்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் தனியாக முனகும், மற்றபடி ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டாய் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ டீச்சர் புத்தியில் நடுநடுவே திருத்துவாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது, நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பேக்கரியில் கரப்பான் வந்த கதை உனக்குப் பாதி தெரியும். எங்கள் பூச்சி மருந்துக் கம்பெனியில் பதினோரு வருஷமாக அந்தப் பேக்கரி என் பொறுப்பு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போய், மாவு பிசையும் மெஷினுக்கு அடியில், கழுவும் தொட்டிக்குப் பின்னால், அலமாரிக் கீல்களில் என்று நூற்று நாற்பது இடங்களில் ஊசிக்குழாயால் கடுகளவு ஜெல் மருந்து பொட்டு வைப்பேன். இனிப்பு கலந்த மருந்து. கரப்பானுக்கு அது விருந்து மாதிரி, தின்றுவிட்டுத் தன் பொந்துக்குப் போய்ச் செத்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் தவறியதில்லை, உன்னைக் கல்லூரியில் சேர்த்த அன்றுகூடப் பேக்கரிக்குப் போய்விட்டுத்தான் வந்தேன், அதை நீ இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று மாதமாகக் கரப்பான். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பிஸ்கட் தட்டுக்கு அடியில் கூட்டம். பேக்கரி முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம்போட, இருபதாம் தேதி எங்கள் சூப்பர்வைசர் டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் எப்போதும் ஈரம், அங்கே ஜெல் காயாது, பழையதும் புதியதும் ஒன்றுபோல இருக்கும். முதல் வாரம் நான் வைத்த பொட்டுகள் வைத்தது வைத்தபடி பளபளவென்று கிடந்தன. ஒன்றைக்கூட எதுவும் தொடவில்லை. ஒரு விரல் தள்ளி கரப்பான்கள் குடித்தனம் நடத்துகின்றன. சூப்பர்வைசர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பூச்சி இருக்கிற இடத்துல மருந்து மூணு நாள் தங்காது, தங்கியிருந்தா அது நேத்து வெச்ச மருந்து, இது நீங்க சொன்னதுதானே அக்கா" என்றார்.

நான் சொன்னதுதான். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது வேறு எதற்குச் சொன்னது. அதாவது மாதக்கணக்கில் போகாமலே போனதாகக் கம்பெனிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, புகார் வந்ததும் ஓடிப்போய்ப் பொட்டு வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார். இரண்டு வாரம் கழித்து பேக்கரி முதலாளி முன்னால் விசாரணை, அதுவரை பேக்கரிப் பக்கம் வரவேண்டாம் என்று சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம் உழைத்தவளைப் பார்த்து ஏய்த்துப் பிழைப்பவள் என்று சொன்னால் எப்படி இருக்கும், நீயே யோசித்துப் பார். வேலை போனால்கூடப் பரவாயில்லை, பேர் போய்விட்டால் அதை எங்கே போய் வாங்குவது. அன்று மாலைதான் நீ போனில், "அம்மா, அது உன் பழைய கரப்பான் இல்லம்மா, இனிப்புப் பிடிக்காத கரப்பானா மாறியிருக்கும்" என்றாய். கரப்பான் என்ன சர்க்கரை வியாதிக்காரனா, டாக்டர் சொன்னார் என்று இனிப்பை விடுவதற்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அது தப்புதான். கோபம் உன்மேல் இல்லை, உன்மேல்தான் காட்ட முடிந்தது.

வைத்துவிட்டேனே தவிர நீ சொன்னது மண்டைக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தது. பேக்கரியிலிருந்து கிளம்பும்போது எரிச்சலில் ஒரு காலி ஜாம் பாட்டிலில் பத்துப் பன்னிரண்டைப் பிடித்துவந்திருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியாது. அதைப் பார்த்ததும் உன் அப்பா, ஊரில் இருக்கிற கரப்பானையெல்லாம் கொன்றுவிட்டு இப்போது வீட்டுக்கு விருந்தாளியாகக் கூட்டிவருகிறாயா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மருந்தே படாத கரப்பானும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. பக்கத்து வீட்டம்மாவிடம் நயமாகத்தான் கேட்டேன், "எங்க வீட்டுல கரப்பானா, உங்க கண்ணுல பட்டுச்சா" என்று அந்த அம்மாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு பவுடர் டப்பாவை நீட்டினாள், உள்ளே ஏழு. அவற்றையும் ஒரு பாட்டிலில் விட்டு, இரண்டு பாட்டிலிலும் ஒரு மூடியில் மருந்து கலக்காத சர்க்கரைப் பாகும் இன்னொரு மூடியில் அரைத்த வேர்க்கடலையும் வைத்தேன். பக்கத்து வீட்டுக் கரப்பான்கள் பாகில் விழுந்து புரண்டன. பேக்கரிக் கரப்பான்கள் பாகில் வாய் வைத்ததும் விருட்டென்று பின்வாங்கி, கஷாயம் குடித்த பிள்ளை மாதிரி வாயை வாயைத் துடைத்துக்கொண்டு கடலைப் பக்கம் போய்விட்டன. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே உனக்குப் போன் செய்து, கூட இருந்தவை சாவதைப் பார்த்துப் பார்த்து இவை பாடம் கற்றுக்கொண்டிருக்கின்றன என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கு நீ, "யாரும் கத்துக்கலம்மா, தின்னது செத்துப்போச்சு, கத்துக்கிறதுக்கு உயிரோட இருக்கணுமே, வேணும்னா முட்டையிலிருந்து வர்ற குட்டிகிட்ட கேட்டுப் பாரு" என்றாய். சவால் விட்டால் உன் அம்மா விடுவாளா. பேக்கரிக் கூட்டத்தில் ஒருத்தி வால்பக்கம் முட்டைப்பையைச் சுமந்துகொண்டு திரிந்தாள், அவளைத் தனிப் பாட்டிலுக்கு மாற்றினேன். அப்பா அதற்குப் பிரசவ வார்டு என்று பேர் வைத்து, தினமும் காபி குடிக்கும்போது எட்டிப்பார்த்து ஆயிற்றா ஆயிற்றா என்று விசாரித்தார், கதவைச் சாத்தியவர் அவர்தான். ஆறாம் நாள் எள்ளளவில் முப்பத்தொன்று. பொரித்த அன்றே தாயை எடுத்துவிட்டேன், மருந்து என்றால் என்ன சாவு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. மறுநாள் இரண்டு மூடியையும் வைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் மாறி மாறி எண்ணினோம். நான்கு குட்டிகள் பாகைக் குடித்தன. இருபத்தேழு, வாழ்க்கையில் முதல் வாய், அதையே துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீ சொன்னபோது விளங்காதது. என் மருந்தை வைத்தால் அந்த நான்கும் சாகும், இருபத்தேழு இருக்கும், அடுத்த தலைமுறைக்கு அவைதான் அப்பனும் ஆத்தாளும். முதலில் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். ஆயிரம் இனிப்புப் பிரியர்களுக்கு நடுவில் எங்கோ ஒன்று நாக்கு கோணலாகப் பிறந்திருக்கும், யாரும் கேட்டு வாங்கியதல்ல, சும்மா அப்படிப் பிறந்தது. பேக்கரியில் பிறந்துவிட்டு இனிப்புப் பிடிக்காவிட்டால் பிழைப்பு எப்படி, அது மூலையில் மெலிந்து கிடந்திருக்கும். நீ சின்ன வயதில் மிட்டாயைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுப்பாய், இதெல்லாம் ஒரு குழந்தையா என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள், அந்த மாதிரி. கரப்பானோடு சேர்த்துச் சொன்னேன் என்று கோபிக்காதே, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த ஒன்றுக்கு வழிவிட்டது யார் என்றால் நான்தான், மாதம் தவறாமல் போய் மற்றதையெல்லாம் துடைத்து எடுத்தேன். சோம்பேறி ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் இனிப்புத் தின்கிறவையும் பாதி பிழைத்துக் கலந்து கிடந்திருக்கும். ஏய்த்தேன் என்று எதைக் காட்டினார்களோ அதுதான் நான் ஏய்க்கவில்லை என்பதற்குச் சாட்சி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அப்பாவிடம் இன்னொரு காபி கேட்டேன்.

காபி கையில் வந்தபோதுதான் நெட்டையின் ஞாபகம் வந்தது. உனக்கு அவனைத் தெரியாது, எங்கள் கம்பெனியில் ஏணி இல்லாமலே பரணுக்கு மருந்து வைக்கிற உயரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வியாழக்கிழமைகளில் போய்ப் பார்த்துவந்த மாணவர் ஹாஸ்டல் சமையலறையில் இதே மாதிரிக் கரப்பான் பெருகி, என்னைப் பார்வையிட அனுப்பினார்கள். அங்கேயும் பொட்டுகள் பளபளவென்று தொடாமல் கிடந்தன. எல்லார் முன்னாலும் அந்த மூன்று நாள் வாக்கியத்தைச் சொன்னேன். "நான் வெச்சேன் அக்கா, அதுங்கதான் திங்கல" என்றான். நான் சிரித்தேன், மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். காபி ஆறிப்போய்விட்டது, குடிக்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார், மனசு கெட்டவர் இல்லை. "இந்த வாட்டி வந்த மருந்து கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம் அக்கா, உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல" என்றார். எனக்கு அது போதும்தான். ஆனால் இந்த வருஷத்து மருந்து கெட்டது என்று சொன்னால், இரண்டு வருஷத்துக்கு முந்தின நெட்டை பொய்யனாகவே இருப்பான். முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மூன்று பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பேக்கரி முதலாளியின் மேஜைமேல் வரிசையாக வைத்தேன், அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மூடிகளை வைத்துக் காட்டியபிறகு நகர்ந்த நாற்காலி முன்னால் வந்தது. குட்டிகளை அவரே பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார். அப்படியானால் தப்பு யாருடையது என்று கேட்டார். பதினோரு வருஷம் ஒரே மருந்தை வைத்தது நான்தான், மாற்றியிருக்கவேண்டும், தெரியவில்லை என்றேன். "இனிமே வைக்கிற புது மருந்தும் ஒரு நாள் இப்படி ஆகுமா" என்று கேட்டார். பக்கத்தில் சூப்பர்வைசர் இருமினார், ஆகாது என்று சொல் என்று அந்த இருமலுக்கு அர்த்தம். ஆகும், அதற்கு முன்னால் மாற்றிவிடவேண்டும், மாதாமாதம் நான் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு, "ஆகாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற ஆளைப் பாத்திருப்பேன்" என்றார். என்னைப் பற்றி எழுதியதைச் சூப்பர்வைசர் அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதே பதிவேட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெட்டையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதையும் அடியுங்கள் என்றேன். புரட்டிப் பார்த்து, அதையும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு நெட்டை வீட்டுக்குப் போனேன். ஒரு லாண்டரியில் துணி மடிக்கிறானாம். கதவுநிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நீ வைத்த மருந்து சரியாகத்தான் இருந்தது, தப்பாகச் சொன்னது நான்தான், மன்னித்துவிடு என்று வாசலிலேயே சொன்னேன். தம்பி வயதுக்காரனிடம் மன்னிப்புக் கேட்பது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன், வாயைத் திறந்ததும் சுலபமாக இருந்தது. அவன், "இதை அவகிட்ட சொல்லுங்கக்கா" என்று உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். அந்தப் பெண் ஈரக்கையோடு வந்தாள். கரப்பான், பாட்டில், குட்டி, நான்கு, இருபத்தேழு எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கு நான் சிரித்ததையும் சொன்னேன். அவள் முடியும்வரை கேட்டாள், கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அப்போ அந்த வியாழக்கிழமையெல்லாம் ஹாஸ்டலுக்குத்தான் போனியா" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினான். வேலைக்குப் போகவில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டதே, அப்படியானால் காலையில் குளித்துக் கிளம்பி எங்கே போனான் என்று இந்த இரண்டு வருஷமும் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அவனும் வேலைக்கு வேலைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் ஒரு வேலையைத்தான் போகவைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், அவனும் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தான், நான் சொல்லிக்கொள்ளாமலே தெருவுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவன் மறுபடி வருகிறான். ஹாஸ்டலை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள், புது மருந்தோடு. எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. உன் வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைச் சரிசெய்தாரா இல்லையா, சொட்டினால் சொட்டட்டும் என்று விடாதே, ஈரம் இருக்கிற இடத்துக்குத்தான் எல்லாம் வந்து சேரும். குளிருக்குக் கால் உறை போட்டுக்கொண்டு படு. நீ சொல்வதைச் சொன்னபடியே நம்புகிற மனிதர்களுக்கு நடுவில் நீ நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவும் அப்பாவும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் நலம் நினைக்கும்,
அம்மா