சலவைக்கடைச் சுவரில் நீர்க்கரடிகள்

ஆகஸ்ட் 3, திங்கள்

இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. துறை அலுவலகத்து அக்கா கையில் ஒரு தாளைத் திணித்தார். ஆறு கட்டங்கள். மீதி இருக்கும் ஆறு பருவங்களிலும் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறேன் என்று இப்போதே நிரப்பித் தர வேண்டுமாம். மரபியல், செல் உயிரியல், சூழலியல் என்று மடமடவென எழுதிக்கொண்டே போனேன். கடைசிக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஹானர்ஸ் ஆய்வு – வேண்டும் / வேண்டாம்.’

வேண்டும் என்றால் ஒரு பேராசிரியர் வழிகாட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பக்கத்தில் ஆய்வுத் திட்டம் தர வேண்டும். புள்ளியியலில் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். செப்டம்பர் 18 கடைசி நாள்.

புள்ளியியலில் நான் வாங்கியது முப்பத்தெட்டு.

அந்தப் பொடி எழுத்தைப் பார்க்காத மாதிரியே தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, புதன்

செய்முறை வகுப்புக்கு ஆளுக்கொரு துண்டு பாசி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் சலவைக்கடையின் பின்சுவரில், நீராவி வெளியே வரும் குழாய்க்குக் கீழே சுரண்டி எடுத்துப் போனேன். ஊறவைத்து, பிழிந்து, ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்—

எட்டுக் கால்! குண்டாக, கண்ணாடி மாதிரி, விருந்து சாப்பிட்டுவிட்டு உலாத்தப் போகிறவரைப் போல அவசரமே இல்லாமல் ஒன்று நடந்து போகிறது. நீர்க்கரடி. புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் குடியிருக்கும் என்று யார் கண்டது?

கத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசை நெட்டை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏய், இது எங்க மாமா மாதிரியே நடக்குது” என்றாள். அவள் கொண்டுவந்த பாசியில் ஒன்றுமே இல்லை. பாவம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. சுவரை முழுக்க அலசினேன். நீராவிக் குழாய்க்குக் கீழே உள்ள பாசி எப்போதும் ஈரம். நாலடி தள்ளி, மழைநீர்க் குழாயை ஒட்டி இருக்கும் பாசி மழை பெய்தால் பச்சை, இல்லாவிட்டால் சருகு. இரண்டிலும் நீர்க்கரடி இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் இவை பீப்பாய் மாதிரிச் சுருண்டு காய்ந்து கிடக்கும். மறுபடி நனைந்தால் எழுந்து நடக்கும்.

அப்படியென்றால், காய்ந்தே பழக்கமில்லாத ஈரப்பக்கத்துக் கரடியைக் காயவைத்தால் எழுந்து வருமா?

இதுதான் கேள்வி. என் கேள்வி!

சித்திதான் மடக்கினாள். கடையை அம்மாவும் சித்தியும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். அம்மா வெளுப்பு, சித்தி இஸ்திரி.

“இந்தக் கரடியை வச்சு என்ன பண்ணுவே?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன் சித்தி. பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“அதுக்கு நாலு வருஷமா? நான் சும்மாவே பாப்பேனே!”

ஆகஸ்ட் 12, புதன்

‘வேண்டும்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். பேனாவில். பென்சிலில் இல்லை.

ஆகஸ்ட் 19, புதன்

அலுவலகத்து அக்கா நல்லவர். புள்ளியியலை இந்தப் பருவத்திலேயே திரும்பப் படித்து எழுதலாம், அதுவரை நிபந்தனையோடு பெயரைச் சேர்த்துக்கொள்வார்களாம். ஆனால் அந்த வகுப்பு மரபியல் லேபோடு மோதுகிறது. அக்கா கணினியை முறைத்தார், உதட்டைப் பிதுக்கினார், கடைசியில் என்னை வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு மாற்றிவிட்டார். “இந்தத் தடவையாவது ஒழுங்கா படி. உனக்காக ரெண்டு பேரை நகர்த்தியிருக்கேன்.”

ஆறு கட்டமும் இப்போது அடித்தல் திருத்தலோடு, அம்புக்குறிகளோடு, போர்க்களம் மாதிரி இருக்கிறது. அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27, வியாழன்

நத்தை மேடத்தைப் பிடித்தேன். இருபது வருடமாக நத்தைகளை ஆராய்கிறவர். நத்தைகளோடு இருந்து இருந்து அலுத்துப்போய்த்தான் இவ்வளவு வேகமாக நடக்கிறார் போல. மாடிப்படியில் ஓடிக்கொண்டே என் திட்டத்தைச் சொன்னேன். மூன்றாவது மாடி வந்ததும் நின்றார்.

“புள்ளியியல்ல எவ்வளவு?”

சொன்னேன்.

“ம். அதை மறைக்காம சொன்னே பாரு.” கொஞ்சம் யோசித்தார். “வருஷத்துக்கு ரெண்டு பேரைத்தான் எடுப்பேன். ஒரு இடம் போயாச்சு. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வர்றேன். சுவரைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்.”

வீட்டுக்கு நடந்து வந்தேனா, பறந்து வந்தேனா, நினைவில்லை. அம்மா மட்டும், “ஒரு ப்ரொஃபஸர் நம்ம கடைக்கா? பின்பக்கமா?” என்று கவலைப்பட்டாள்.

செப்டம்பர் 10, வியாழன்

போச்சு.

எல்லாம் போச்சு. கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் சுவர் பளபளன்னு இருக்கு. செங்கல் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. ஒரு துளி பச்சை இல்லை. அம்மா கையில் பிரஷ்ஷோடு சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. “மேடம் வரும்போது இப்படி அசிங்கமாவா இருக்கும்? பாரு, எப்படி ஆக்கிட்டேன்!”

ஒரு மாசமா நான் அந்தச் சுவத்துல என்னத்தைத் தேடுறேன்னு இவ நினைச்சா? அழுக்கையா?

ஆனா நான் என்னைக்காவது உட்காரவச்சு விளக்கிச் சொன்னேனா? கரடி, கரடின்னு குதிச்சேன். கரடிக்கு வீடு அந்தப் பாசிதான்னு ஒரு வார்த்தை சொன்னேனா?

கத்தலை. கத்தியிருந்தா பரவாயில்லை. சுவரையே பாத்துக்கிட்டு நின்னேன். அம்மா முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறிச்சு. “அதுதானா?” என்றாள். “அந்தப் பாசியேதானா?” தலையை மட்டும் ஆட்டினேன். பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நெட்டை போனில் சொன்னாள்: “எங்க தெருவுல வேற சுவர் பாத்து, அதுதான் உன் சுவர்னு காட்டிடு.” செய்யலாம். மேடத்துக்கு எப்படித் தெரியும்?

செய்ய மாட்டேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

மேடத்திடம் நானே சொல்லலாம் என்று கிளம்பினால், அம்மா கடைக்குப் போடும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு நல்ல செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “கெடுத்தது நான். நீ எதுக்கு ஏச்சு வாங்கணும்?”

மேடத்தின் அறையில் அம்மா உட்காரவில்லை. “நான்தாங்க கழுவினேன். பொண்ணு மேல தப்பு இல்ல” என்று நின்றபடியே சொன்னாள். மேடம் ஏசவில்லை. பேனாவை எடுத்தார்.

“எதைப் போட்டுக் கழுவினீங்க?”

“ப்ளீச்சுங்க. ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி.”

“எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“பத்து நிமிஷம். அதுக்கு மேல விட்டா செங்கல் வெள்ளையா பூத்துப்போகும். அப்புறம் ரெண்டு அலசு. மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சேன், மூணுக்கு முடிஞ்சுது.”

“முழுச் சுவருமா?”

“கீழேருந்து பதினாலு வரிசை செங்கல். அதுக்கு மேல எட்டலை. மழைத்தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி பிரஷ் நுழையலை. அங்க அப்படியே இருக்கு.”

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இவ்வளவு கணக்கா பதில் சொல்ற ஆள் என் லேப்ல ஒருத்தர்கூட இல்ல.” பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் யோசிப்பது நடக்கும்போதுதான் போல. ஜன்னலுக்கும் கதவுக்கும் நாலு நடை.

“ஒரு சுவர் எந்த நாள், எந்த மணிக்குக் காலியாச்சுன்னு யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுது. பக்கத்துலயே கழுவாத இடமும் இருக்கு. கரடிங்க எங்கேருந்து திரும்பி வரும்? ஈரப்பக்கம் முதல்ல வருமா, காஞ்ச பக்கமா? காஞ்சு போனது தூசியோட காத்துல வருமா, இல்ல மழைத்தண்ணிக் குழாய்ப் பக்கமிருந்து நடந்தே வருமா?”

பழைய கேள்வியைவிட இது பத்து மடங்கு நல்ல கேள்வி!

“திட்டத்தை மாத்தி எழுது. நாளைக்கு வந்து சுவரைப் பாக்கறேன்.” அம்மாவிடம் திரும்பி, “நீங்க இனிமே அந்தப் பக்கம் பிரஷ்ஷோட போகாதீங்க” என்றார்.

“பிரஷ்ஷைத் தூக்கியே போட்டுட்டேங்க.”

வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செப்டம்பர் 17, வியாழன்

சொன்னபடி வந்து சுவரைப் பார்த்து, மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்! தாளை அலுவலகத்து அக்காவிடம் கொடுத்தேன். அம்புக்குறிகளைப் பார்த்து, “இது பாடத்திட்டமா, கோலப் புள்ளியா?” என்றார். முத்திரை குத்தினார்.

நவம்பர் 22, ஞாயிறு

சுவரைக் கழுவியதிலிருந்து 73ஆம் நாள். சுவரில் ஒன்றுமில்லை. குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 15, செவ்வாய்

96ஆம் நாள். ஒன்றுமில்லை. சித்தி, “உன் விருந்தாளிங்களுக்கு வழி தெரியலையா?” என்கிறாள். ஒன்றுமில்லை என்பதும் ஒரு பதில்தான் என்று மேடம் சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் அதை எழுதுவதில் எனக்கு அலுப்பே வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 26, வெள்ளி

புள்ளியியல்: எழுபத்தொன்று. எழுபத்தொன்று! நெட்டையைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன். தூக்க முடியவில்லை.

மார்ச் 4, வியாழன்

175ஆம் நாள். காலையில் வகுப்பில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். வெளியே வந்து எடுத்தேன்.

“மழைத்தண்ணிக் குழாய்ப் பக்கம், கீழேருந்து மூணாவது வரிசை, ரெண்டு செங்கலுக்கு நடுவுல பச்சையா ஏதோ இருக்கு. கடுகளவுதான்.” கூடவே, “நான் தொடலை” என்றாள்.

மதியம் போய் ஊசிமுனையில் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது சொட்டில், ஓரத்தில், ஒரு கால் அசைந்தது. பிறகு இன்னொன்று.

பதிவேட்டில் தேதி, நேரம், இடம் எழுதி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 போட்டேன். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எத்தனை?”

“ஒண்ணும்மா.”

“ஒண்ணு போதுமா?”

“இன்னைக்குப் போதும்.”

மெஷின் சத்தத்துக்கு மேலாக அம்மா கத்துவது கேட்டது: “ஏய், ஒண்ணு வந்திருச்சாம்!” சித்தி ஏதோ பதிலுக்குக் கத்தினாள். கடையில் வேறு யாரோ, துணி வாங்க வந்தவர்களாக இருக்கும், கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.