அமுங்கிய சிவப்புப் பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறுவதை நிறுத்தச் சொல். சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

போனில் பேசினால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், எனக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அழுதாயா, அழுதாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் இருக்கிற இடமே தெரியாதே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன். குளிக்கிறேன். கடையைத் திறந்து உட்காருகிறேன்.

மெஷினை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். விற்க வேண்டுமென்றால் அது ஓட வேண்டும். ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், உன்னிடம் சொல்கிறேன். மரப்பலகையில் மெடல் வெட்டுகிற அந்த லேசர் மெஷினின் முன்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஆபத்து என்றால் அமுக்குவதற்கு. அமுக்கினால் உள்ளேயே நின்றுகொள்ளும். பிடித்துத் திருப்பினால்தான் வெளியே வரும். என் வீட்டுக்காரர் மாரடைப்பு வந்து விழுவதற்கு முன் கடைசியாகச் செய்த காரியம் அதை அமுக்கியதுதான். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திருப்ப எனக்குக் கை போகவில்லை.

பக்தியில் விட்டுவைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம். நான் அடுத்த அறையில்தான் மெடல்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் கதவுகூடக் கிடையாது. மெஷின் சத்தம் நின்றதும், பலகை மாற்றுகிறார் என்று நினைத்து, கையிலிருந்த டப்பாவை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். போய்ப் பார்த்தால் மெஷின் மேல் கவிழ்ந்து கிடக்கிறார். மூடி திறந்திருந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டுத்தான் தூக்கினேன். உயிர் போகிற நேரத்தில் கட்டின பெண்டாட்டியைக் கூப்பிடத் தோன்றவில்லை, மெஷினை நிறுத்தத் தோன்றியிருக்கிறது! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்னத்தைக் கண்டேன் என்றுதான் இருந்தது. அதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, விளையாட்டு விழா நெருங்கிவிட்டது, மீதி மெடல் எங்கே என்று கேட்டார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. சரி என்று மெயின் சுவிட்சைப் போட்டேன். போட்டதும் ஒரே கத்தல். லேசர் குழாயைக் குளிரவைக்கிற தண்ணீர்ப் பெட்டி கத்துகிறது. சும்மா கிடந்ததில் தண்ணீர் குறைந்திருந்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற வாலை வடித்த தண்ணீர்தான் அதற்கு ஆகும், ஊற்றினேன். கத்தல் நின்றது. திரையில் எச்சரிக்கை மட்டும் போகவில்லை.

ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். இவர் ஒருத்தனுக்கு 'ஒண்ணுமில்லை' என்று பெயர் வைத்திருந்தாரே, அந்தப் பையன்தான். மெஷின் பற்றி எரிந்தாலும் முதலில் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்வான். தண்ணி ஓடுதா அண்ணி, மூடி சரியா மூடியிருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியில், செவப்பு பட்டன் அமுங்கியிருக்கான்னு பாருங்க என்றான். இல்லையே என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அப்படின்னா ஒண்ணுமில்லை, நேர்ல வர்றேன் என்று கிளம்பி வந்துவிட்டான்.

வந்தவன் மறுபடியும் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தான். மூடியில் ஒரு சென்சார் உண்டு. மூடியைத் திறந்தால் லேசர் தானே நின்றுவிட வேண்டும். அதன் மேல் ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. இவர் வேலைதான். கொதிக்கிற உலையைத் திறந்து திறந்து பார்க்கிற மாதிரி, ஓடும்போதே மூடியைத் தூக்கிப் பார்க்காவிட்டால் இவருக்கு ஆகாது. மெஷின் நிற்கக் கூடாதென்று காந்தத்தை வைத்து ஏமாற்றியிருக்கிறார். எடுத்துத் தொலையுங்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானைப் பார்த்தான். போனில் பொய் சொன்னேன், அது அவர் கடைசியாக அமுக்கியது என்றேன். மூடி தெறந்திருந்ததா அண்ணி என்றான். தலையாட்டினேன். கையை உள்ள விட்டீங்களா என்றான். அதற்கும் தலையாட்டினேன். பட்டனை அமுக்காம உங்களக் கூப்பிட்டிருந்தா நீங்க ஓடிவந்து கைய விட்டிருப்பீங்க, அது ஓடிக்கிட்டே இருந்திருக்கும், கையும் போயிருக்கும் கண்ணும் போயிருக்கும் என்றான். இந்தத் தடவை ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை.

அவர் தனக்காகவும் அமுக்கியிருக்கலாம் அக்கா. பழக்க தோஷத்திலும் கை போயிருக்கலாம். எனக்காகத்தான் என்று நான் வைத்துக்கொண்டேன். இல்லையென்று சொல்ல யார் வரப்போகிறார்கள்?

நானே திருப்பி விடவா அண்ணி என்று கேட்டான். வேண்டாம் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லை. அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்தவரை பிடித்து நிற்க ஏதோ ஒன்று இருந்தது.

மெஷினை இப்போது விற்கவில்லை. மெடல் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு நான்தான் அந்தப் பொத்தானைத் திருப்பியாக வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது.

நீ ஒரு வாரம் வந்து இரேன். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, இங்கே மாடிப்படி இல்லை. நீ எனக்குச் சமைத்துப் போட வேண்டாம், ஆறுதல் சொல்ல வேண்டாம், மெஷின் பக்கமே வர வேண்டாம். அடுத்த அறையில் உட்கார்ந்திரு. நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இரு, போதும். கூப்பிடுவேன் அக்கா.

உன் சின்னவள்