படத்தில் அவள் திரும்பி வருகிறாள்

நேற்று சினிமாவுக்குப் போனவர்கள்: நீ, நான், அத்திம்பேர், கீழ்வீட்டு வங்காளி மாமி மித்ரா காக்கிமா.

அக்கா, ரசம் அடுப்பில் இருக்கிறது. மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும்.

அதே கதை மேடையில் இசை நாடகமாக நடந்தபோது, நாயகி கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். பூட்டும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. படத்தில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருகிறாள், வயலின் இசை கொட்டுகிறது, நீ கைதட்டுகிறாய். நாடகம்தான் உயர்த்தி என்றேன். "அதைப் பார்க்கத்தானேடா நைட் ஷிஃப்ட் வேலையை விட்டே, தண்டச்சோறு!" என்றாய், காக்கிமா எதிரிலேயே. அத்திம்பேர் சிரித்தார்.

ஆமாம், அதற்குத்தான் விட்டேன்.

பி.கு.: டாக்குரியாவில் என் நண்பன் ஜெய்ராம் அறைக்குப் போகிறேன். மன்னிப்புக் கேட்டுத் திரும்ப மாட்டேன். என் சாவி காக்கிமாவிடம் இருக்கும்.

இன்னொன்று: இப்போது வெளியே போய்ப் பூட்டப் போகிறேன். வயலின் இல்லை.