ஏசி விட்ட மூச்சு

அன்பு மகளே, வாயாடி மகாராணியே,

உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் சித்தி சுகமா என்பதற்குத்தான் இந்தக் கடிதமே. ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன், இது சத்தியம்.

போன ஞாயிறு நம் குடியிருப்பு மொட்டைமாடியில் மகாசபை கூடியது. லட்சம் பேர், எள் போட்டால் கீழே விழாது. வண்டி நிறுத்துகிற இடத்தில் பாதியை எடுத்து மரம் வைக்கலாமா, வெயில் இறங்காமலிருக்க மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று விவாதம். மேல்வீட்டு டீச்சரம்மா எழுந்து, பூமி சூடாகிறதுக்கு மனுஷங்கதான் காரணம், நம்மால ஆனதை நாமதான் செய்யணும் என்றார். நீ போனில் எனக்கு ஓதுகிற அதே பாட்டு. விடுவேனா? சிங்கம் எழுந்தது. சூரியன் கொதிக்குதுன்னா நாமளா அடுப்பு மூட்டினோம், எறும்பு தும்மினா மலைக்குச் சளி பிடிக்குமா என்று கேட்டேன் பார், சபை சிரித்த சிரிப்பில் தண்ணீர்த் தொட்டியே விரிசல் விட்டது. தீர்மானம் படுத்துவிட்டது. டீச்சரம்மா முகம் சுண்டிப்போய் இறங்கிப்போனார்.

இந்த வீரப் பிரதாபத்தை அளக்கலாம் என்று நேரே சித்தியின் தையல் அறைக்குப் போனேன். சீருடை ஆர்டர் அவசரம், ஞாயிறும் மெஷின் ஓடுகிறது. அந்தப் பின்னறையில் நான் கால் வைத்தே மாதக்கணக்காகிறது, எனக்குத்தான் முன்னறையில் ஏசி இருக்கிறதே. உள்ளே செங்கல் சூளை. சித்தி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன என்று அதட்டினேன். சித்தியிடம் வேலைக்கு வந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா பல்லில் கடித்திருந்த நூலை விட்டுவிட்டு, திறந்துதாண்ணே இருக்கு, வர்றது உங்க ஏசி விடுற மூச்சு என்றாள். எட்டிப் பார்த்தேன். ஏசியின் வெளிப்பெட்டி ஜன்னலுக்கு நேராக அனலை ஊதிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கும், பின்பக்கமே மாட்டு என்று உத்தரவு போட்ட மகாராஜா அடியேன்தான். ஏன்டி சொல்லலை என்று சித்தியைக் கேட்டேன். சொன்னா அதுக்கும் ஒரு ஜோக் சொல்வீங்க என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகளே, தும்மிய எறும்பு நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெட்டியை இடம் மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எங்க மாட்டினாலும் யாரோ ஒருத்தர் ஜன்னல் இருக்கும் சார் என்றார். அதிலிருந்து பகலில் ஏசி போடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேர்வையில் நீச்சலே பழகிவிட்டேன். ஆனால் அது போதாது, நான் கவிழ்த்த தீர்மானத்தை நானே தூக்கி நிறுத்த வேண்டும். நாளைக்கு மறுபடி சபை. டீச்சரம்மா வீட்டு அழைப்பு மணி வரை போன விரல் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ஊரையே சிரிக்க வைத்த வாய்க்கு, தப்பு என்னுடையது என்கிற ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது என்னிடம் பேசாதே, சித்தியிடம் பேசு, தலைவலி இருக்கிறதா என்று கேள், உன்னிடம் மறைக்கமாட்டாள்.

லட்சம் பேர் என்றது புளுகு, பத்துப் பேர்கூட இல்லை. தொட்டியில் விரிசல் முன்பே இருந்தது. அந்த ஈரத்துண்டு மட்டும் நிஜம்.

தலை குனிந்தபடி,
உன் சித்தப்பா